நடுவர் இல்லாத பட்டிமன்றம்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

1981 டிசம்பர். நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் ‘ஹார்லெம் வேர்ல்ட்’ என்றொரு நடன அரங்கம். மேடையில் பிஸி பீ ஸ்டார்ஸ்கி. கூட்டத்தை ஆட்டிவைப்பதில் அந்தக் காலத்தில் அவருக்கு நிகர் அவர்தான். இந்தப் பக்கத்தைக் கத்தச் சொல்வார், அந்தப் பக்கத்தைப் பதில் சொல்ல வைப்பார், நடுவில் நாலு சிரிப்பு வரி. அரங்கம் அவர் கைக்குள் அடங்கிவிடும். அன்றைக்கு உற்சாகம் கொஞ்சம் கூடிப்போய், யார் வந்தாலும் ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று சவால் விட்டார். ‘ட்ரெச்சரஸ் த்ரீ’ குழுவைச் சேர்ந்த கூல் மோ டீ அங்கே இருந்தது அவருடைய கெட்ட நேரம்.

மோ டீ மேடையேறி மைக்கை வாங்கினார். யாரையும் கை தூக்கச் சொல்லவில்லை. பிஸி பீயின் பாணியை, பழைய சரக்கையே திரும்பத் திரும்ப விற்பதை, பெயரின் பாதியை வேறொருவரிடமிருந்து இரவல் வாங்கியதை ஒவ்வொன்றாக எடுத்து, தாளம் பிசகாமல் பிய்த்து உதறினார். சில நிமிடங்கள்தான். அந்த ஒலிப்பதிவு கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலாகி நகரம் முழுக்கச் சுற்றியது. அதுவரை கூட்டத்தைக் குஷிப்படுத்துகிறவர் நல்ல எம்.சி. (மைக் பிடித்து ராப் பாடுகிறவர்) என்றிருந்தது. அந்த இரவுக்குப் பிறகு வரிகளை எழுதத் தெரிந்தவர் நல்ல எம்.சி. என்று பேச்சு மாறியது.

‘ராப் பாடகர்களில் யார் பெரியவர்’ என்ற சண்டையை ரசிகர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. நம்மூர் டீக்கடையில் சிவாஜியா எம்.ஜி.ஆரா, இளையராஜாவா ரகுமானா என்று நடப்பதைப் போன்ற ஒன்று என்று. அந்த ஒப்பீட்டில் ஒரு பிசகு இருக்கிறது. சிவாஜி தன் படத்தில் எழுந்து நின்று, எம்.ஜி.ஆரைவிட நான் பெரியவன், ஏன் தெரியுமா என்று 16 வரி வசனம் பேசியதில்லை. ராப்பில் அதுதான் தொழில். யார் பெரியவர் என்ற கேள்வியைக் கலைஞனே பாட்டாக எழுதுகிறான். ரசிகன் அதற்குப் பின்பாட்டு பாடுகிறான்.

பிறப்பிலேயே அப்படித்தான். ராப்பும் அதைச் சுற்றிய ஹிப் ஹாப் பண்பாடும் பிறந்த நாளாகச் சொல்லப்படுவது 1973 ஆகஸ்ட் 11. பிராங்ஸ் பகுதியில் 1520, செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில், பள்ளி திறப்பதை முன்னிட்டு ஒரு பெண் நடத்திய விருந்து. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு சுழற்றியவர் அந்தப் பெண்ணின் அண்ணன் கிளைவ் கேம்பல். ஊர் அவரை டி.ஜே. கூல் ஹெர்க் என்றது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 12 வயதில் நியூயார்க் வந்தவர். கிங்ஸ்டன் தெருக்களில் இரண்டு ஒலிபெருக்கிக் குழுக்கள் எதிரெதிரே நின்று, எவன் சத்தம் எவனை அமுக்குகிறது என்று மோதுவது பழைய வழக்கம். கறுப்பின அமெரிக்கர்களிடையே ‘டஸன்ஸ்’ என்ற விளையாட்டு ஏற்கெனவே இருந்தது. கோபப்படாமல் ஒருவரையொருவர் வசைபாட வேண்டும், பதில் வராதவன் தோற்றான். இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தபோது பிறந்த கலையில் போட்டி இல்லாமல் இருந்தால்தான் வியப்பு.

முகமது அலியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1963-ல், இன்னும் கேஷியஸ் கிளே என்ற பெயரில் இருந்தபோதே, நானே எல்லோரிலும் பெரியவன் என்ற பொருளில் தலைப்பிட்டு கொலம்பியா நிறுவனத்துக்காக ஓர் இசைத்தட்டே வெளியிட்டார். குத்துச்சண்டைக்காரர் பேசிய இசைத்தட்டு! எதிராளி எந்தச் சுற்றில் விழுவான் என்பதை இயைபு வைத்துச் சொல்வார். சோனி லிஸ்டனை வென்று பட்டத்தைப் பிடித்தது அதற்கடுத்த ஆண்டுதான். பட்டம் வருவதற்கு முன்பே பட்டம் சூட்டிக்கொள்ளும் துணிச்சலை ராப் பாடகர்கள் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். ‘எல்லாக் காலத்துக்கும் பெரியவர்’ என்ற ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கோட்’ என்று 2000-ல் தன் தொகுப்புக்குப் பெயரிட்டவர் எல்.எல். கூல் ஜே. அந்தச் சொல் விளையாட்டுத் திடல்களுக்குள் புகுந்து, கால்பந்து, கிரிக்கெட் எல்லாம் சுற்றி, 2024-ல் விஜய் படத்தின் தலைப்பாகத் தமிழ்நாட்டுச் சுவர்களுக்கும் வந்து சேர்ந்தது. சுவரில் அதைப் படித்தவர்களில் எத்தனை பேர் எல்.எல். கூல் ஜேயை நினைத்திருப்பார்கள்?

சரி, எல்லோரும் நானே பெரியவன் என்கிறார்கள். தீர்ப்பு சொல்வது யார்? நம் பட்டிமன்றங்களில் இரண்டு அணியும் எவ்வளவு கூச்சல் போட்டாலும் கடைசியில் நடுவர் ஒருவர் எழுந்து கதையை முடித்துவைப்பார். ராப்பின் ஐம்பதாண்டுச் சண்டையில் அந்த நாற்காலியில் பலர் உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள். ஒருவர்கூட நிலைக்கவில்லை.

முதலில் போட்டி நடுவர்களையே எடுத்துக்கொள்ளலாம். 1984-ல் குவீன்ஸ்பிரிட்ஜ் என்ற பொதுக் குடியிருப்பில் லோலிடா ஷாண்டே கூடன் என்ற 14 வயதுச் சிறுமி இருந்தாள். ராக்ஸேன் என்ற பெண்ணை மட்டம் தட்டி ஆண்கள் குழு ஒன்று பாடிய பாட்டு அப்போது பிரபலம். அதற்குப் பதிலடி கொடுக்க, அதே குடியிருப்பில் இருந்த மார்லி மார்ல் என்ற இசையமைப்பாளரின் வீட்டுக்குப் போனாள். துணி துவைக்கப் போகிற வழியில், எழுதிவைக்காமல், ஒரே மூச்சில் பாடிவிட்டு வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ராக்ஸேன் ஷாண்டே என்ற பெயர் ஒரே பாட்டில் நின்றது. அந்தப் பாட்டுக்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று அமெரிக்கா முழுக்க டஜன் கணக்கில் ‘ராக்ஸேன்’ பாட்டுகள் கிளம்பின.

1985-ல் நியூயார்க்கில் நடந்த இசைத்துறை மாநாட்டின் ராப் போட்டியில் ஷாண்டே வரிசையாக ஆண்களை வீழ்த்தி இறுதிச் சுற்றுக்கு வந்தார். எதிரே நின்றவர், நான்கு ஆண்டுகளுக்கு முன் மோ டீயிடம் அடி வாங்கிய அதே பிஸி பீ. வென்றவரும் பிஸி பீதான். நடுவர்களில் ஒருவரான கர்டிஸ் ப்ளோ தனக்கு வேண்டுமென்றே குறைந்த மதிப்பெண் போட்டார் என்றும், ஒரு சின்னப் பெண்ணை முதலிடத்தில் நிறுத்தினால் ராப்பை உலகம் மதிக்காது என்று அஞ்சியதைப் பிறகு அவரே தன்னிடம் ஒப்புக்கொண்டார் என்றும் ஷாண்டே பல முறை சொல்லியிருக்கிறார். மேடையில் தோற்றவள் 15 வயதுப் பெண், பயந்தது நடுவர்.

அந்த மதிப்பெண் தாளின் நிழல் இன்னும் விலகவில்லை. பில்போர்டு, வைப் ஆகிய இசை இதழ்கள் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட ஐம்பது பேர் பட்டியலின் முதல் பத்தில் ஒரே ஒரு பெண்: பத்தாவது இடத்தில் நிக்கி மினாஜ். லாரின் ஹில் என்ற பெயரைச் சொன்னால், அவர் தனியாக ஒரே ஒரு ஸ்டுடியோ தொகுப்புதானே போட்டார் என்று பதில் வரும். 1998-ல் வந்த அந்த ஒரே தொகுப்பு, ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதை ஹிப் ஹாப்புக்கு முதன்முதலாக வாங்கிக்கொடுத்தது. எண்ணிக்கைதான் கணக்கு என்றால் இன்னொரு பெயரையும் அடிக்க வேண்டிவரும். அது நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்ததும் ஒரே தொகுப்புதான். அவரைப் பட்டியலிலிருந்து எடுக்க எவருக்கும் மனம் வருவதில்லை.

விருதுக் குழுக்களின் கதை இன்னும் சுவையானது. 1989-ல்தான் கிராமி ராப்புக்கென்று ஒரு விருதை ஏற்படுத்தியது. ஏற்படுத்திவிட்டு, அதைத் தொலைக்காட்சியில் காட்ட மறுத்தது. விருது வென்ற ஜாஸி ஜெஃப், ஃப்ரெஷ் பிரின்ஸ் இருவருமே விழாவுக்குப் போகவில்லை. அந்த ஃப்ரெஷ் பிரின்ஸ்தான் பின்னாளில் நடிகர் வில் ஸ்மித். 2014-ல் சிறந்த ராப் தொகுப்பு விருது கெண்ட்ரிக் லமாரைத் தாண்டி மேக்லமோர், ரயன் லூயிஸ் இணைக்குப் போனது. விருது வாங்கிய மேக்லமோர், இது உனக்கு வந்திருக்க வேண்டியது என்று கெண்ட்ரிக்குக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அதை ஊருக்கும் காட்டினார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நடுவர் தப்பு என்று சொன்ன வெற்றியாளர்! நாஸின் கதை வேறு மாதிரி. 1994-ல் 20 வயதில் ‘இல்மாட்டிக்’ என்ற முதல் தொகுப்பைக் கொடுத்தார். குவீன்ஸ்பிரிட்ஜ் ஜன்னலிலிருந்து பார்த்த உலகம், பத்துத் தடங்கள், நாற்பது நிமிடம்கூட முழுதாக இல்லை. ‘தி சோர்ஸ்’ இதழ் ஐந்துக்கு ஐந்து கொடுத்தது. அவருக்கு முதல் கிராமி கிடைத்தது 2021-ல்.

நடுவர் வேண்டாம், எண்களே பேசட்டும் என்றால்? 2014-ல் மேட் டேனியல்ஸ் என்பவர் ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு ராப் பாடகரின் முதல் 35,000 சொற்களை எடுத்து, அதில் வெவ்வேறு சொற்கள் எத்தனை என்று எண்ணினார். முதலிடம் ஈசாப் ராக் என்பவருக்கு, 7,392 சொற்கள். அதே கணக்கில் ஷேக்ஸ்பியருக்கு 5,170. இணையம் ஒரு வாரம் இதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. பட்டியலின் கடைசியில் இருந்தவர் டி.எம்.எக்ஸ்., 3,214. சொல்வளம்தான் அளவுகோல் என்றால் அவர் ராப் பாடகர்களிலேயே கடைசி. ஆனால் 1998 என்ற ஒரே ஆண்டில் அவருடைய இரண்டு தொகுப்புகள் வெளிவந்து, இரண்டும் வந்த வேகத்திலேயே அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தில் உட்கார்ந்தன. நாயைப் போல் உறுமி, நடுவில் அழுது, கடவுளிடம் மன்றாடுகிற ஒரு மனிதனுக்கு எத்தனை சொல் வேண்டும்? ஒப்பாரி வைக்கிறவளிடம் போய் அகராதியை நீட்டுகிற மாதிரியான கணக்கு அது.

வேகமும் அப்படியே. எமினெமின் ‘ராப் காட்’ பாட்டில் 6 நிமிடம் 4 நொடிக்குள் 1,560 சொற்கள் என்று கின்னஸ் புத்தகம் பதிந்திருக்கிறது. வியக்கலாம். எமினெம் பெரிய கலைஞர் என்பதற்கு அது சாட்சி ஆகாது; வரிக்குள் வரி மடித்து, ஒத்து ஒலிக்கவே ஒலிக்காத இரண்டு சொற்களை உச்சரிப்பால் வளைத்து இயைபாக்கிவிடுகிற அவர் கைவேலைதான் சாட்சி. பட்டியலேறிய பாட்டுகளின் கணக்கு எடுத்தால் டிரேக்கை மிஞ்ச ஆளில்லை. பில்போர்டின் நூறு பாடல் பட்டியலில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாட்டுகளை ஏற்றிய முதல் கலைஞர் அவர்தான். அதே பில்போர்டின் ஐம்பது பேர் பட்டியலில் அவருக்குக் கிடைத்தது எட்டாவது இடம். கணக்கு எழுதுகிறவர்களே தங்கள் கணக்கை நம்பவில்லை.

மரணமும் ஒரு நடுவர்தான், அதுவும் மிகச் செல்வாக்குள்ள நடுவர். டூபாக் ஷகூர் 1996 செப்டம்பர் 13-ல் லாஸ் வேகஸில், சுடப்பட்ட ஆறாம் நாள் இறந்தார். வயது 25. பிக்கி என்று ரசிகர்கள் அழைத்த நோட்டோரியஸ் பி.ஐ.ஜி., இயற்பெயர் கிறிஸ்டஃபர் வாலஸ், 1997 மார்ச் 9-ல் லாஸ் ஏஞ்சலிஸில் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 24. இரண்டாவது தொகுப்பு வெளிவந்தது அவர் இறந்து 16 நாள் கழித்து. இருவரும் ஒரு காலத்தில் நண்பர்கள். அமெரிக்காவின் இரண்டு கரைகளுக்கிடையே நடந்த வாய்ச்சண்டை, துப்பாக்கிச் சத்தத்தில் முடிந்ததாகவே உலகம் அதைப் படித்தது.

டூபாக்கின் தாய் அஃபீனி, பிளாக் பாந்தர் இயக்கத்தவர். வெடிகுண்டு சதி வழக்கில் கர்ப்பிணியாகச் சிறையில் இருந்து, வழக்கறிஞர் வைக்காமல் தானே வாதாடி, 1971 மே மாதம் விடுதலையானார். அடுத்த மாதம் மகன் பிறந்தான். ஸ்பானியர்களை எதிர்த்துக் கிளர்ந்த பெரு நாட்டுப் பூர்வகுடித் தலைவர் டூபாக் அமாருவின் பெயரை வைத்தார். பால்டிமோரின் கலைப் பள்ளியில் நடிப்பும் பாலேயும் படித்த பிள்ளை அது. டூபாக்கின் வரிகளைத் தாளில் எழுதிப் பார்த்தால் சில இடங்களில் சாதாரணமாகத்தான் இருக்கும். குரல் வந்து சேர்ந்ததும் அவை வேறு பொருளாகிவிடும். பிக்கியிடம் நேர் எதிர். அந்தக் கனத்த உடம்பிலிருந்து வரும் வரி, நடனக்காரன் காலைப் போல எடை தெரியாமல் விழும். கதை சொல்வதில் அவருக்கு முன்னோடி ஸ்லிக் ரிக். சீடன் குருவை மிஞ்சினார் என்று சொன்னால் ஸ்லிக் ரிக்கே கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆனாலும் செத்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாற்பது வயதில் மோசமான தொகுப்பு போட அவர்களால் முடியாது. ஜே-ஸி போட்டார், நாஸ் போட்டார், எமினெம் போட்டார். அத்தனையும் கணக்கில் கழிந்தது. டூபாக் உயிரோடு இருந்தபோது வந்த தனித் தொகுப்புகளைவிட இறந்த பிறகு வந்தவை அதிகம். அவற்றின் குறைகளை யாரும் அவர் கணக்கில் எழுதுவதில்லை.

மக்களே நடுவர் என்று ஒரு கட்சி உண்டு. 2001-ல் அது நடந்தது. ஜே-ஸியும் நாஸும், பிக்கி விட்டுச்சென்ற நியூயார்க் நாற்காலிக்காக மோதிக்கொண்டார்கள். செப்டம்பர் 11 அன்று, இரட்டைக் கோபுரம் விழுந்த அதே நாளில் கடைக்கு வந்த ‘தி ப்ளூபிரிண்ட்’ தொகுப்பில் ஜே-ஸி நாஸை உரித்தார். டிசம்பரில் நாஸ் திருப்பிக் கொடுத்த அடிக்குப் பெயர் ‘ஈதர்’. இன்றும் ஒருவரை வார்த்தையால் அடித்து வீழ்த்துவதற்கு ஆங்கிலத் தெருமொழியில் அந்தப் பெயரே வினைச்சொல். ஜே-ஸி அவசரத்தில் இன்னொரு பாட்டு போட்டார். அது எல்லை மீறிய பாட்டு. அவருடைய அம்மாவே கண்டித்து மன்னிப்புக் கேட்க வைத்தார். ஹாட் 97 வானொலி நேயர்களிடம் வாக்கெடுத்தது. வென்றவர் நாஸ்.

மக்கள் தீர்ப்பு வந்துவிட்டது. பிறகு? 2005-ல் இருவரும் ஒரே மேடையில் கைகொடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு நாஸ் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்த நிறுவனம் டெஃப் ஜாம். அதன் தலைவர் அப்போது ஜே-ஸி. எம்.டி.வி. 2006-ல் வெளியிட்ட பட்டியலில் முதலிடம் ஜே-ஸிக்கு. 2023 பில்போர்டு பட்டியலிலும் முதலிடம் ஜே-ஸிக்கே, நாஸ் மூன்றாவது. சண்டையில் வென்றவர் ஒருவர், நாற்காலி போனது இன்னொருவருக்கு.

இதெல்லாம் நியூயார்க்காரர்களின் வீட்டுக் கணக்கு என்று தெற்கிலிருந்து ஒரு முணுமுணுப்பு எப்போதும் உண்டு, அது நியாயமும்கூட. 1995-ல் ‘தி சோர்ஸ்’ விருது விழாவில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் இணைக்குப் புதுக் குழு விருது கிடைத்தபோது நியூயார்க் கூட்டம் கூச்சலிட்டது. தெற்குக்கும் சொல்ல ஒரு சேதி இருக்கிறது என்று இணையில் ஒருவரான ஆண்ட்ரே மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினார். பத்தாண்டுக்குள் வானொலி முழுக்க தெற்கு. நியூ ஆர்லியன்ஸின் லில் வெய்ன், உயிரோடு இருப்பவர்களில் நானே சிறந்தவன் என்று 2005-ல் அறிவித்துக்கொண்டபோது சிரித்தவர்கள் உண்டு. அடுத்த மூன்றாண்டில் விலையில்லா மிக்ஸ்டேப்புகளாகக் கொட்டித் தள்ளி, அவர்களின் சிரிப்பை நிறுத்தினார்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 2009 பிப்ரவரி, கிராமி விழா. ஜே-ஸி, லில் வெய்ன், கன்யே வெஸ்ட், டி.ஐ. ஆகிய நால்வரும் கறுப்பு வெள்ளை உடையில், ஒரே மேடையில், ஒரே பாட்டில். நால்வருமே ஏதோ ஒரு கட்டத்தில் தன்னை முதல்வன் என்று சொல்லிக்கொண்டவர்கள். அந்தப் பாட்டின் அச்சாணியாகச் சுழல்வது ஒரு பெண் குரல், அவருடைய முந்தைய பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. அந்தப் பெண்ணும் மேடையில் இருந்தார், நிறைமாதக் கர்ப்பிணியாக, பிள்ளை பிறக்க வேண்டிய நாள் என்று மருத்துவர் குறித்துக்கொடுத்த அதே தேதியில். மாதங்கி அருள்பிரகாசம், உலகுக்கு எம்.ஐ.ஏ.; இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண். நான்கு ராஜாக்கள் சுற்றி நின்றும், கண்ணை எடுக்க முடியாதபடி மேடையை ஆண்டவர் அவர்தான். அவரை எந்தப் பட்டியலில் வைப்பது என்று எவருக்கும் தெரியவில்லை என்பது பட்டியல்களின் கோளாறு.

கடைசியாக நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தது நிஜமான நீதிமன்றம். 2023 அக்டோபரில் டிரேக்கின் பாட்டொன்றில் கலந்துகொண்ட ஜே. கோல், தன்னையும் டிரேக்கையும் கெண்ட்ரிக் லமாரையும் சேர்த்து மூவர் என்று பேசினார். பெருந்தன்மையாகச் சொன்னதுதான். 2024 மார்ச்சில் கெண்ட்ரிக் கொடுத்த பதிலின் சாரம்: மூவர் என்று எவருமில்லை, நான் ஒருவன்தான். கோல் பதில் பாட்டு போட்டார். இரண்டே நாளில் தன் சொந்த மாநிலத்தில் நடந்த விழா மேடையில் அதற்கு வருத்தம் தெரிவித்து ஒதுங்கிக்கொண்டார். கோழை என்று கேலி செய்தார்கள். பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் புத்திசாலி என்றார்கள்.

டிரேக் ஒதுங்கவில்லை. செயற்கை நுண்ணறிவால் டூபாக்கின் குரலை உண்டாக்கி, அந்தக் குரலாலேயே கெண்ட்ரிக்கைச் சீண்ட வைத்தார். செத்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிற வேலை. டூபாக்கின் சொத்தை நிர்வகிப்பவர்கள் நோட்டீஸ் விட, பாட்டைத் திரும்ப எடுத்தார். மே முதல் வாரத்தில் இருபக்கமும் மணிக்கணக்கு இடைவெளியில் பாட்டுகள் பறந்தன. மே 4-ல் வந்த ‘நாட் லைக் அஸ்’ கதையை முடித்தது. வசை ஒரு பக்கம் இருக்க, அது ஆட வைக்கிற பாட்டு. கல்யாண வீட்டிலும் போடுகிற வசைப்பாட்டை எதிர்த்து என்ன செய்வது? 2025 பிப்ரவரி 2-ல் ஐந்து கிராமி. ஒரு வாரம் கழித்து சூப்பர் பௌல் இடைவேளை மேடையில் கெண்ட்ரிக் அதைப் பாட, 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

இருவரின் பாட்டையும் வெளியிடும் தாய் நிறுவனம் யுனிவர்சல். அந்த நிறுவனத்தின் மீது டிரேக் அவதூறு வழக்குப் போட்டார். 2025 அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிபதி ஜெனட் வர்கஸ் வழக்கைத் தள்ளுபடி செய்தார். ராப் சண்டையில் வீசப்படும் வசையை நியாயமான கேட்பாளர் எவரும் சரிபார்த்த உண்மைத் தகவல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது தீர்ப்பின் சாரம். டிரேக் மேல்முறையீடு செய்தார். ஹார்லெம் வேர்ல்டில் பிஸி பீ வக்கீல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஆக, கெண்ட்ரிக்தானா? இந்தத் தலைமுறைக்கு அவரே என்று சொல்வதில் சிக்கல் இல்லை. 2018-ல் இசைக்கான புலிட்சர் பரிசை, மேற்கத்திய செவ்வியலும் ஜாஸும் தாண்டி முதன்முதலாக வாங்கியவர் அவர். ஆனால் எல்லாக் காலத்துக்கும் என்றால் வேறொரு சாட்சியைக் கூப்பிட வேண்டும். வெண்பாவை ஒருவருக்கும் பரணியை ஒருவருக்கும் விருத்தத்தைக் கம்பருக்கும் வசையைக் காளமேகத்துக்கும் எழுதிவைத்த பழைய தனிப்பாடல் ஒன்று தமிழில் உண்டு. அந்தப் புலவர் நல்ல வழி காட்டினார். அவர் வழியில் போனால் கதைக்குப் பிக்கி, சாபத்துக்கும் பரிவுக்கும் டூபாக், சிக்கனத்துக்கு ஜே-ஸி, வசைக்குக் கெண்ட்ரிக் என்று பிரித்துக்கொடுத்து எல்லோரையும் திருப்திப்படுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். இந்தச் சொற்பொழிவாளர் அப்படித் தப்பிக்கப் போவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி, அடுத்து வந்தவர்கள் வாய் திறக்கும் விதத்தை யார் மாற்றினார் என்பது. அதற்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது: ராக்கிம்.

லாங் ஐலண்டின் வயண்டான்ச் என்ற சிற்றூர்ப் பையன். பெயர் வில்லியம் கிரிஃபின். பாடகி ரூத் பிரவுனின் உறவு. பள்ளியில் சாக்ஸபோன் வாசித்தவன், ஜான் கோல்ட்ரேனில் ஊறியவன். ராப்பின் அடி நான்கு தட்டு கொண்ட ‘பார்’. அவருக்கு முன்னே பெரும்பாலானவர்கள் நான்காவது தட்டில் இயைபை ஆணி அடிக்கிற மாதிரி அடித்தார்கள். வரி முடிந்தது, ஆணி விழுந்தது. அடுத்த வரி முடிந்தது, அடுத்த ஆணி. குரலும் மேடைக் குரல், கடைசி வரிசைக்கும் கேட்கிற கத்தல். ராக்கிம் இயைபை வரியின் நடுவுக்குக் கொண்டுவந்தார். ஒரு வரியில் தொடங்கிய சொற்றொடரை அடுத்த வரிக்குள் வழியவிட்டார். நம் யாப்பில் எதுகை, மோனை, இயைபு மூன்றும் ஒரே அடிக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதை ரசித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி, சாக்ஸபோன்காரன் மூச்செடுக்கிற இடத்தில் மூச்செடுத்து, கடைசி நொடியில் வந்து சேர்வார். குரலை உயர்த்தவே இல்லை. 1987-ல் எரிக் பி.யுடன் சேர்ந்து வெளியிட்ட ‘பெய்ட் இன் ஃபுல்’ தொகுப்புக்குப் பிறகு பழைய கத்தல் ஒரே நாளில் கிழடு தட்டிப்போனது. நாஸ், எமினெம், ஜே-ஸி, கெண்ட்ரிக் என்று எவருடைய வரியைப் பிரித்தாலும் உள்ளே இந்தத் தையல் இருக்கிறது.

பட்டியல்கள் அவரை எப்படி நடத்தின? ‘தி சோர்ஸ்’ 2012-ல் வரி எழுதுவதில் சிறந்தவர்கள் என்று வெளியிட்ட பட்டியலில் முதலிடம். எம்.டி.வி.யில் நான்காவது. 2023 பில்போர்டின் முதல் பத்தில் அவர் இல்லை. இடைப்பட்ட காலத்தில் அவர் தன் பழைய வரிகளை மோசமாக்கிவிடவில்லை. பட்டியல் போடுகிறவர்களின் வயதுதான் குறைந்தது. இங்கே கூல் மோ டீயையும் மறக்கக் கூடாது. அவர் 2003-ல் ஐம்பது சிறந்த எம்.சி.க்கள் என்று ஒரு புத்தகமே எழுதினார். அளவுகோல்கள் வைத்து மதிப்பெண் போட்டு, முதலிடத்தை மெல்லி மெல்லுக்குக் கொடுத்தார். முதல் பத்துக்குள் தனக்கும் ஓர் இடம் ஒதுக்கிக்கொண்டார்.

1986-ல் முதல் பாட்டுகளைப் பதிய, எரிக் பி.யும் ராக்கிமும் குவீன்ஸ்பிரிட்ஜுக்கு வந்தார்கள். ஷாண்டே ஒரே மூச்சில் பாடிவிட்டுப் போன அதே மார்லி மார்ல் வீடு. 18 வயது ராக்கிம் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தபடி, பக்கத்து ஆளிடம் பேசுகிற குரலில் பாட ஆரம்பித்தார். மார்லி மார்லுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நில், குரலில் கொஞ்சம் உயிர் காட்டு என்றார். ராக்கிம் எழவில்லை. ‘மை மெலடி’ அப்படி உட்கார்ந்தே பாடிய பாட்டு.